எல்லைக் கல்லில் நிற்காத தூசி: பக்கத்து உள்ளாட்சியையும் சேர்த்துக்கொண்டு காற்றைச் சுத்தமாக்குவது எப்படி?

பல்லாவரத்தில் வண்டியை எடுத்து, இருநூறு அடி ரேடியல் சாலையில் துரைப்பாக்கம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கீழ்க்கட்டளை வரை நீங்கள் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறீர்கள். அடுத்து வரும் கோவிலம்பாக்கம் ஒரு ஊராட்சி. அப்புறம் பள்ளிக்கரணை, துரைப்பாக்கம். இரண்டும் பெருநகர சென்னை மாநகராட்சி. சாலையோ இந்த மூவருக்கும் சொந்தமில்லை, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நடுவில் மாவட்டமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மாறிவிடும். பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கை: மாநகராட்சி சென்னை, காவல் ஆணையரகம் தாம்பரம். இத்தனை மாறினாலும் சட்டைக் காலரில் படிகிற மண் மட்டும் வழிநெடுக ஒரே மண்தான்.

புதிதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனவர்கள், முதல்முறை பகுதி சபைக்கோ (நகரங்களில் மக்கள் கூடிப் பேசும் சபை) ஊராட்சியின் கிராம சபைக்கோ போகிறவர்கள், முதல்முறை கவுன்சிலர் ஆனவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் மதுரையாகவோ கோவையாகவோ இருக்கலாம். இடப்பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை இதேதான்.

முதலில் ஒரே ஒரு மூலத்தைப் பிடியுங்கள்

நான் எழுதிய முதல் மனுவில் பதினான்கு கோரிக்கைகள் இருந்தன. லாரிப் புகை, குப்பை எரிப்பு, மரம் நடுதல், கட்டடத் தூசி, பள்ளிக்கூட வாசல் நெரிசல் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு ‘தக்க நடவடிக்கைக்காக’ அனுப்பினார்கள். அங்கிருந்து மூன்றாவது இடம். ஏழு மாதம் கழித்து, முதலில் கொடுத்த அலுவலகத்துக்கே அது திரும்பி வந்திருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பதினான்கில் அவர்கள் பொறுப்பில் இருந்தவை மூன்றுதான். மற்ற பதினொன்றைக் காட்டி மூன்றையும் தள்ளிவிட ஒரு வசதியான மனுவை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கும், அதே வாரத்தில் ஒரு வேலைநாள் மாலை ஏழு மணிக்கும், உங்கள் பகுதியை நடந்தே சுற்றுங்கள். இரண்டு வேளையும் தேவை. குப்பை எரிப்பு பெரும்பாலும் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான் நடக்கிறது. கண்ணில் படுவதையெல்லாம் இடத்தோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது கடைப் பெயர்ப்பலகையோ மின்கம்ப எண்ணோ தெரியும்படி எடுங்கள். ‘அங்கே ஒரு முனையில்’ என்றால் எந்த உதவிப் பொறியாளரும் வரமாட்டார்.

குறித்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் அனுபவத்தில் புதியவர்களுக்குத் தோதானவை இரண்டு: சாலையோர மண், குப்பை எரிப்பு. இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை, உள்ளாட்சியின் கைக்கு எட்டுபவை. அனல்மின் நிலையப் புகையை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எண்ணூர், மணலி மக்கள் அதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள், அது வேறு அளவு உழைப்பைக் கேட்கும் வேலை.

நடக்கும்போது இன்னொன்றும் புலப்படும். மண்ணும் குப்பையும் அதிகம் சேர்ந்திருப்பது இரண்டு உள்ளாட்சிகள் சந்திக்கும் இடத்தில்தான். இந்தப் பக்கத்துத் தூய்மைப் பணியாளர் எல்லைக்கு ஐம்பது மீட்டர் முன்பே வண்டியைத் திருப்பிவிடுவார், அந்தப் பக்கத்தவரும் அப்படியே. நடுவில் கிடக்கும் நூறு மீட்டர் யாருக்கும் இல்லை. இடித்த கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் இரவில் கொட்டுகிற டிராக்டர்காரருக்கு அந்த நூறு மீட்டர் எங்கே இருக்கிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அது யார் மேஜையில் இருக்கிறது?

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

சாலையில் பறக்கும் மண் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. தார் போட்ட பகுதிக்கும் வடிகாலுக்கும் நடுவே தளம் போடாமல் விட்ட மண் விளிம்பு முதல் காரணம். மின்வாரியமோ குடிநீர் வாரியமோ குழி தோண்டிவிட்டுச் சரியாக மூடாத ‘ரோடு கட்’ இரண்டாவது. தார்ப்பாய் போடாமல் எம்-சாண்ட் ஏற்றிச் செல்லும் லாரி மூன்றாவது. நான்காவது நம்மூருக்கே உரியது. மழைக்கு முன் வடிகாலில் அள்ளிய வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைப்பார்கள். நான்கு நாளில் காய்ந்து, பாதி சாலைக்கு வரும். மீதி அடுத்த மழையில் வடிகாலுக்கே திரும்பும்.

இந்த நான்கும் நான்கு மேஜைகள். மண் விளிம்பு, சாலை யாருடையதோ அவர்களுடையது. நெடுஞ்சாலைத் துறை என்றால் அவர்களின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். ரோடு கட்டுக்கு அனுமதி தந்தது சாலையின் சொந்தக்காரர், தோண்டியது வேறொருவர். அனுமதிக் கடிதத்தில் மூடும் பொறுப்பு யாருக்கு என்று இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். லாரிக்குப் போக்குவரத்துக் காவலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும். வண்டலுக்கு, வடிகாலைத் தூர்வாரியவர்.

குப்பை எரிப்பில் இவ்வளவு சிக்கல் இல்லை. திறந்தவெளியில் குப்பை எரிப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குற்றம். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீட்டுத் தொகையையே நிர்ணயித்தது. பொறுப்பு உள்ளாட்சியினுடையது. மாநகராட்சியில் உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளர், ஊராட்சியில் ஊராட்சிச் செயலாளர், அவருக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். எரிப்பவர் சில நேரம் தூய்மைப் பணியாளராகவே இருப்பார். அப்போது அவர்மேல் பாயாதீர்கள். காய்ந்த இலையை அள்ளிப்போக வண்டி வராததால்தான் அவர் தீ வைக்கிறார், வண்டியைக் கேளுங்கள்.

தொழிற்சாலையோ ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையோ என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி வாரியம் தரும் இசைவாணையில் நிபந்தனைகள் இருக்கும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நகல் கையில் இருந்தால், ‘தூசி அதிகமாக இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக ‘இத்தனையாவது நிபந்தனை மீறப்படுகிறது’ என்று எழுதலாம். இரண்டாவது வகை மனுவை அவ்வளவு எளிதாக இன்னொரு அலுவலகத்துக்குத் தள்ளிவிட முடியாது.

எண்கள்: எவ்வளவு தெரிந்தால் போதும்?

அதிகம் வேண்டாம். பிஎம் 10 என்றால் பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள், பிஎம் 2.5 அதைவிட நுண்ணியது, நுரையீரலின் ஆழம்வரை போவது. இந்தியத் தரம் 2009இல் வந்தது: ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 10 ஆண்டுச் சராசரி 60 மைக்ரோகிராம், பிஎம் 2.5 என்றால் 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவுகள் 15, 5. ‘தரத்துக்குள் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்தத் தரம் என்று கேட்க இது போதும்.

சாலை மண்ணிலிருந்து பறந்து காற்றில் சேர்வது பெரும்பாலும் பிஎம் 10 எண்ணில்தான் தெரியும். எரிப்பதாலும் வண்டிப் புகையாலும் வருவது பெரும்பாலும் பிஎம் 2.5. நீங்கள் எடுத்த மூலத்துக்கு ஏற்ற எண்ணைப் பாருங்கள். மண் விளிம்புக்குத் தளம் போடச் சொல்லிவிட்டு பிஎம் 2.5 குறையவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

சென்னையில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் ஆலந்தூர் பேருந்துப் பணிமனை, வேளச்சேரி, பெருங்குடி, அரும்பாக்கம், ராயபுரம், கொடுங்கையூர், மணலி ஆகிய இடங்களில் இருக்கின்றன. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். ஆனால் உங்கள் தெருமுனையை அவை அளப்பதில்லை. பெருங்குடி நிலையம் ‘திருப்தி’ என்று காட்டும் அதே நேரத்தில் உங்கள் தெருவில் டயர் எரிந்துகொண்டிருக்கலாம். மதியத்தில் கடற்காற்று வந்ததும் எண் இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மார்கழி விடியலின் எண்ணையும் சித்திரை மதியத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது.

விலை குறைந்த சென்சார் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். பால்கனியில் மாட்டினேன். முதல் வாரமே தினமும் காலை ஏழரைக்கு எண் எகிறியது. படம் வரைந்து கூட்டத்தில் காட்டி, பள்ளி நேர நெரிசல் என்று விளக்கமும் கொடுத்துவிட்டேன். கீழ்வீட்டு அக்கா மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அது நான் தோசை ஊத்துற நேரம் இல்ல?” அவர் வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு நேர் மேலேதான் மாட்டியிருந்தேன். இவ்வகைக் கருவிகள் ஈரப்பதம் அதிகமான விடியலில் கூட்டியும் காட்டும். அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்ட பிறகே நம்பலாம். மேலும், பெரிய துகள்களை இவை சரியாக அளப்பதில்லை. எனவே உங்கள் பிரச்சினை சாலை மண் என்றால் சென்சாரே வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு தராசு போதும். வண்டி வராத ஓரத்தில், சாலை விளிம்பை ஒட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் சுண்ணாம்பால் வரையுங்கள். அதில் இருக்கும் காய்ந்த மண்ணைத் தூரிகையால் கூட்டிப் பையில் போட்டு எடை பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் மூன்று இடம், அந்தப் பக்கம் மூன்று இடம். மழை பெய்து நான்கு நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஆய்வாளர்கள் இதையே சல்லடையோடும் நல்ல கருவிகளோடும் செய்கிறார்கள். கவுன்சிலர் முன்னால் ஒரு பை மண்ணை வைத்து, “ஒரு சதுர மீட்டரில் இவ்வளவு” என்று சொன்னால், மைக்ரோகிராம் கணக்கைவிட வேகமாகப் புரியும்.

இரண்டு சபைகளில் ஒரே தீர்மானம்

எல்லைப் பிரச்சினைகள் தீராமல் கிடப்பதற்குக் காரணம், இந்தப் பக்கத்து மனுவில் ஒன்றும் அந்தப் பக்கத்து மனுவில் வேறொன்றும் இருப்பதுதான். இரு பக்கமும் ஒரே வாசகம் இருந்தால் ‘அது அவர்கள் வேலை’ என்று சொல்ல இடமில்லாமல் போகும்.

அரசமைப்புச் சட்டம் இதற்கு மேல்மட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறது. 243இசட்இ பிரிவு, பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் மாநகரப் பகுதிக்கு ஒரு மாநகரத் திட்டக் குழு வேண்டும், அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. தில்லியைச் சுற்றி 2021இல் தனிச் சட்டத்தாலேயே காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அமைத்தார்கள், அது நான்கு மாநிலங்களின் பகுதிகளுக்கும் உத்தரவிடும். நல்லதுதான். ஆனால் கீழ்க்கட்டளை முனை மண்ணுக்கு நீங்கள் அதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவரைப் பிடியுங்கள். இன்னொரு சங்கச் செயலாளர், பள்ளித் தலைமையாசிரியர், எல்லையிலேயே கடை வைத்திருப்பவர், யாராகவும் இருக்கலாம். கடைக்காரர்கள் நல்ல கூட்டாளிகள். தூசி அவர்களுடைய சரக்கின் மேல் விழுகிறது. அவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத் தீர்மானத்தை எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“கீழ்க்கட்டளை – கோவிலம்பாக்கம் எல்லைக் கோட்டிலிருந்து இருபுறமும் 200 மீட்டர் தூரத்துக்கு, (1) வாரம் இருமுறை, இரு உள்ளாட்சிகளும் ஒரே நாளில், காலை 6 மணிக்குள் சாலையோர மண்ணை அள்ளிச் செல்ல வேண்டும், (2) வடிகாலிலிருந்து எடுக்கும் வண்டலை 48 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும், (3) இந்தப் பகுதியில் குப்பை எரிப்பதாக வரும் புகாரை எந்த உள்ளாட்சி முதலில் பெறுகிறதோ அதுவே அணைக்க ஆள் அனுப்ப வேண்டும், எல்லை எது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம், (4) இரு தரப்பின் பொறுப்பு அலுவலர்களும் மாதம் ஒருமுறை அந்த இடத்திலேயே சந்திக்க வேண்டும், (5) மண் விளிம்புக்குத் தளம் போட நெடுஞ்சாலைத் துறையை இரு உள்ளாட்சிகளும் சேர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.”

மூன்றாவது வரியை மட்டும் எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தபோது கிடங்கு சென்னை மாநகராட்சியுடையது, புகையோ எல்லை பார்க்காமல் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. பெரிய தீ என்றால் எல்லோரும் ஓடி வருவார்கள். சின்னத் தீயில்தான் ‘உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா’ என்ற கேள்வி எழும், அது முடிவதற்குள் எரிந்தும் முடிந்துவிடும்.

தீர்மானத்தை எங்கே நிறைவேற்றுவது? ஊராட்சியில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். மாநகராட்சியில் பகுதி சபை. அங்கே சொன்னது கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போகும், அப்புறம் மண்டலத்துக்கும் மாமன்றத்துக்கும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். 2022இல் அதே நாளில் நகரங்களிலும் பகுதி சபைகள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த சபைக்கு முதலமைச்சரே வந்திருந்தார். உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடும் என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டு, கிராம சபை நாளுக்கு மிக அருகில் வரும் தேதியைப் பிடியுங்கள். இரண்டு தீர்மானங்களும் ஒரே வாரத்துத் தேதியோடு இருந்தால் பார்ப்பதற்கே ஒரு கனம் வரும்.

சபையில் எழுந்து பேசுவது அவ்வளவு முக்கியமில்லை. கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வாசகம் அப்படியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சுகாதாரம் பற்றி விவாதிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அதற்குப் பிறகு எதையும் கேட்க முடியாது. நகல் கேட்டு வாங்கி, இரண்டு நகலையும் ஒன்றாகப் பின் செய்து, மாநகராட்சி ஆணையர் அலுவலகம் (இரு பக்கமும் மாநகராட்சி என்றால் இரண்டும்), ஊராட்சிப் பக்கத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், நெடுஞ்சாலைத் துறை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் (எல்லையில் மாவட்டமும் மாறினால் இரண்டும்) ஆகிய இடங்களில் கொடுங்கள். ஆட்சியரகத்துக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் போனால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான் ஒருமுறை தொலைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன்.

பணம்

‘நிதி இல்லை’ என்ற பதில் வரும். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை இருக்கின்றன. முதலில் 20 முதல் 30 சதவீதம் குறைப்பு என்றிருந்த இலக்கைப் பிறகு, 2025-26க்குள் பிஎம் 10இல் 40 சதவீதம் என்று உயர்த்தினார்கள். பதினைந்தாவது நிதி ஆணையம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத் திரள்களுக்கு (மாநகரும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்தது) 2021–26 காலத்துக்கு ஒதுக்கச் சொன்ன 38,196 கோடியில் 12,139 கோடி காற்றுத் தரத்துக்கானது. அத்தோடு அது சொன்ன ஒன்று நமக்கு முக்கியம்: ஒரு நகரத் திரளில் பல உள்ளாட்சிகள் இருந்தால், அவற்றில் ஒன்று பொறுப்பு உள்ளாட்சியாக இருந்து, திரள் முழுவதற்குமான இலக்கை அடைய வேண்டும். அதாவது பக்கத்து உள்ளாட்சியின் தூசியும் அதன் கணக்கில்தான். உங்கள் நகரத்தின் தூய காற்றுச் செயல்திட்டம், அதில் எந்த உள்ளாட்சிக்கு எவ்வளவு போனது, எதற்குச் செலவானது ஆகிய மூன்றையும் தகவல் உரிமையில் கேளுங்கள். பல நகரங்களில் இந்தப் பணம் சாலை கூட்டும் இயந்திரங்களாக மாறியிருக்கிறது. இயந்திரம் எல்லைவரை வருகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நம் வெயிலில் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். தில்லி கன்னாட் பிளேஸில் 2021இல் திறந்தது போல, காற்றை உறிஞ்சி வடிகட்டும் புகைக் கோபுரமும் வேண்டாம். பல கோடி ரூபாய்க்குக் கட்டி, அதன் அடியில் நிற்பவருக்கே பலன் சந்தேகம். மண் விளிம்புக்குச் சிமென்ட் கல் பதிப்பது மலிவு, நிரந்தரம்.

போகிக்கு முன்

எல்லைக் கூட்டுவேலைக்கு நல்ல ஒத்திகை போகிதான். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்துக்கு வந்த விமானங்களைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. நிலையத்தைச் சுற்றி ஒரு பக்கம் சென்னை மாநகராட்சியின் ஆலந்தூர் மண்டலம், மறுபக்கம் தாம்பரம் மாநகராட்சியின் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர். ஒருவர் மட்டும் டயர் எரிப்பதைத் தடுத்தால் போதாது.

டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். எல்லையின் இரு பக்கத்து பஞ்சர் கடைகளையும் பட்டியலிட்டு, பழைய டயர் எங்கே போகிறது என்று விசாரியுங்கள். இரு பக்கமும் ஒரே நாளில் பழைய துணி, பாய், பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளும் வண்டியை அனுப்பச் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்யும் புகாரின் எண்ணை, அந்தப் பக்கத்து ஊராட்சிச் செயலாளருக்கும் அனுப்பிவைக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள். பாட்டிமார்களிடம் போகியைக் கைவிடச் சொல்லத் தேவையில்லை. முதலில் நிறுத்த வேண்டியது டயரைத்தான்.

பின்தொடர்தல்

மாதம் ஒருமுறை இடத்திலேயே சந்திப்பது என்ற நான்காவது வரி முதல் இரண்டு மாதம் நடக்கும். மூன்றாவது மாதம் ஒருவர் வரமாட்டார். கோபப்படாமல், வந்தவரோடு சந்திப்பை நடத்தி, ஒரு தாளில் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு, அதன் படத்தை வராதவருக்கு அனுப்புங்கள். எங்களுக்கு அடுத்த மாதமே அவர் வந்துவிட்டார், கூடவே நெடுஞ்சாலைத் துறை ஆள் ஒருவரையும் அழைத்துக்கொண்டு. அலுவலர் இடமாற்றத்தில் போனால் புதியவருக்கு முழுக் கோப்பையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பழையவர் விட்டுச் சென்றிருப்பார் என்று நம்பாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, சாலை நன்றாகக் காய்ந்த பிறகு அதே ஆறு இடங்களில் சுண்ணாம்புக் கட்டத்தை மறுபடி வரைந்து மண்ணை எடை போடுங்கள். போன தடவை எடுத்த பைகளை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். பழைய ஆறு பை, புதிய ஆறு பை. பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு ஜனவரி 26 கிராம சபைக்குப் போங்கள்.